பேரைச் சரிபார், பிறகு தேதி வாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். பாஸ்போர்ட்டுக்குச் சென்னையிலேயே போட்டுவிடட்டுமா, ஒரத்தநாட்டுக்கு வந்தபிறகு தஞ்சாவூரில் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊரார் விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கிறவன். ஒரு வார்த்தையில் பதில் வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் மறுபடி மறுபடி என் கடைப்படி ஏறுகிறார்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், ஹாஸ்டலில் சாவகாசமாகப் படி.

முதலில் உன் கேள்வி. 2018-லிருந்து எந்த ஊர்க்காரரும் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் மண்டல அலுவலகங்கள் நான்கு: சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர். நம்ம ஜில்லா திருச்சியோடு சேர்ந்தது. ஆனால் நீ காகிதங்களை எடுத்துக்கொண்டு நேரில் போகிற இடம் மண்டல அலுவலகம் கிடையாது. அதன் கீழ் இருக்கும் சேவா மையம். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று இருக்கின்றன. நமக்குத் திருச்சியிலும் தஞ்சாவூரிலும். 2017-லிருந்து பல ஊர்த் தலைமைத் தபாலாபீஸ்களுக்குள்ளேயும் சின்னதாகச் சேவா மையம் திறந்து வருகிறார்கள். இதில் எங்கே தேதி கிடைக்கிறதோ அங்கே போகலாம். யாரும் ‘உன் ஊர் இது இல்லையே’ என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை எங்கே கொடுத்தாலும், போலீஸ் விசாரணை நீ எழுதிக் கொடுத்த விலாசத்தில் நடக்கும். பாஸ்போர்ட்டும் அந்த விலாசத்துக்குத்தான் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். ஒரத்தநாட்டு விலாசத்தை எழுதிவிட்டு நீ சென்னையில் இருந்தால், ஸ்டேஷனிலிருந்து வருகிறவர் அண்ணியிடம் “பொண்ணு எங்கேம்மா?” என்று கேட்பார். அண்ணி வெள்ளந்தியாக “அது மெட்ராஸ்ல இருக்குங்க” என்று சொல்லும். அந்த விலாசத்தில் நீ குடியில்லை என்று அறிக்கை போய்விடும். அப்புறம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், நீ அலைய ஆரம்பிப்பாய். ஆகவே எந்த மையம் என்பதை விட, அடுத்த இரண்டு மாதம் நீ எந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கப் போகிறாய் என்பதுதான் முக்கியம்.

உனக்கு அடுத்த மாதத்தோடு படிப்பு முடிகிறது. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வருகிறாய். வந்தபிறகு போடு. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஒரத்தநாட்டு விலாசம் இருக்கிறது, நீயும் வீட்டில் இருப்பாய், தஞ்சாவூருக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உன் அறைத்தோழி கதை வேறு. அவள் சென்னையிலேயே வேலைக்குச் சேர்கிறாள் என்றால், சென்னை விலாசத்தைத்தான் எழுத வேண்டும். சொந்த ஊரை நிரந்தர விலாசம் என்ற இடத்தில் போடட்டும். முதல் வேலையாக ஆதாரில் விலாசத்தை மாற்றிக்கொள்ளச் சொல். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஜூனியர் பிள்ளைகள் கேட்டால், கல்லூரி முதல்வரிடம் போனஃபைடு சான்றிதழ் வாங்கி ஹாஸ்டல் விலாசத்திலேயே போடலாம் என்று சொல். படிப்பு முடிய ஒரு மாதமே இருக்கும்போது அந்த வழி வேண்டாம். விசாரணைக்கு ஆள் வரும் நேரத்தில் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பாய்.

அடுத்தது, இதை யாரிடமும் கொடுத்துப் போடாதே. என்னிடமும் கொடுக்காதே. இது என் பிழைப்புக்கு ஆகாத பேச்சுதான், ஆனாலும் சொல்கிறேன். வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கும்போது ஒரு மின்னஞ்சலும் ஒரு செல் நம்பரும் கேட்கும். கடைக்காரர்கள் அவசரத்தில் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு உன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, தேதியை மாற்றலாமா, எதுவும் உன் கையில் இருக்காது. கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தால் நீ காத்திருக்க வேண்டியதுதான். டிராவல்ஸ் போர்டு மாட்டிக்கொண்டு ‘எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்’ என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களும் உள்ளே வந்து உனக்காக விரல் வைக்க முடியாது. நீதான் போயாக வேண்டும். அப்புறம் எதற்குக் காசு?

கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் எல்லாமே அரசாங்கத் தளம் என்று நம்பிவிடாதே. கொடியும் சிங்க முத்திரையும் போட்டு அச்சு அசலாகப் போலித் தளங்கள் இருக்கின்றன. வெளியுறவு அமைச்சகமே பேர் சொல்லி எச்சரித்திருக்கிறது. ‘பாஸ்போர்ட்இந்தியா’ என்று தொடங்கி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிற ஒன்றுதான் நிஜம். செல்போனில் என்றால் ‘எம்பாஸ்போர்ட் சேவா’ என்ற செயலி. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 பக்கம் வேண்டுமென்றால் 2,000. வியாபாரத்துக்காக மாதாமாதம் பறக்கிறவர்களுக்கு அது. உனக்கு 36 பக்கமே பத்து வருஷத்துக்குத் தாராளம். பணத்தைத் தளத்திலேயே கட்டிவிட்டுத் தேதி வாங்கிக்கொள்ளலாம். கட்டிய பணம் ஒரு வருஷத்துக்குச் செல்லும், ஆனால் திரும்ப வராது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். தேதி வாங்குவது பத்து நிமிஷ வேலை. அதற்கு முன்னால் உன் காகிதங்களையெல்லாம் எடுத்து வீட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பி வை. பிறப்புச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பான், பேங்க் பாஸ்புக். ஒவ்வொன்றிலும் உன் பேர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் படி. உன் பேரில் ஒரு ழகரம் இருக்கிறது பார், அங்கேதான் வினை. பள்ளிக்கூடத்தில் அதற்கு ‘இசட் ஹெச்’ போட்டிருப்பார்கள். ஆதார் எடுத்த பையன் ‘எல்’ போட்டிருப்பான். பாஸ்புக்கில் வேறு ஏதாவது இருக்கும். தமிழில் நமக்கு எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், மூன்று ஆள்.

அடுத்து இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் உன் பேர் மட்டும் தனியாக இருக்கும், அப்பா பேர் வேறு கட்டத்தில் இருக்கும். மார்க் ஷீட்டில் உன் பேருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு அப்பா பேர் முழுசாக. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமே கிடையாது. விரித்து எழுதச் சொல்வார்கள். கட்டம் இரண்டு: ‘கிவன் நேம்’, ‘சர்நேம்’. சாதிப் பேரைத் தூக்கி எறிந்த ஊர் நம்மூர். நமக்கு ஏது சர்நேம்? அதனால் நிறையப் பேர் சொந்தப் பேரை முதல் கட்டத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விதிப்படி அது செல்லும். பாஸ்போர்ட்டும் வந்துவிடும். வெளியே போனபிறகுதான் கஷ்டம்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் ஏற்றி வராதீர்கள் என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. நம்மூர்க்காரர்கள் ஏர்போர்ட்டில் தவித்தார்கள். பிறகு உள்பக்கத்தில் அப்பா பேர் அச்சாகியிருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னொரு கூத்து: ஒற்றைப் பேரைச் சர்நேம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, கிவன் நேம் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அடிப்பார்கள். முதற்பேர் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே போய் பேங்க் கார்டிலும் அதே மூன்று எழுத்து வந்து, ஆபீஸில் அதையே பேராக நினைத்துக் கூப்பிட்டவர்கள் உண்டு. விமான டிக்கெட் போடும்போதும் கடைசிப் பேர் கட்டத்தைக் காலியாக விட முடியாது.

அதனால் என் யோசனை: உன் பேரைக் கிவன் நேமில் போடு, உங்கப்பா பேரைச் சர்நேமில் போடு. வெளிநாட்டில் உன்னை உங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் திரும்பிப் பார்க்கத் தோன்றாது, பிறகு பழகிவிடும். அண்ணனுக்கும் இதில் உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும், வெளியே சொல்லாது.

உனக்கு இது இன்னும் ஒரு காரணத்தால் முக்கியம். நர்சிங் படித்தவள் நீ. வளைகுடாவில் லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உன் சான்றிதழ்களை அவை வந்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும். பல்கலைக்கழகப் பட்டத்தில் ஒரு பேர், நர்சிங் கவுன்சில் பதிவில் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் ஒரு பேர் என்று இருந்தால் ஒவ்வொரு படியிலும் ‘இந்த மூவரும் ஒருவரே’ என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழில் இனிஷியல்தான் இருக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த இனிஷியலின் விரிவுதான் பாஸ்போர்ட்டின் சர்நேம் என்று காகிதத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டும். அண்ணன் பேருக்கு ரேஷன் கார்டில் ஒரு ‘ஹெச்’ கூடுதலாக இருந்ததாக ஞாபகம். அதையும் பார். ஆதாரில் திருத்தம் வேண்டுமென்றால் மார்க் ஷீட்டை ஆதாரமாக வைத்து இப்போதே திருத்திவிடு. திருத்திய பிறகு தேதி வாங்கு. இந்த வரிசையை மாற்றினால்தான் அலைச்சல்.

‘கல்யாணம் ஆகட்டும், புருஷன் பேரோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்’ என்று உன் பெரியம்மா சொல்லும். தலையாட்டிவிட்டு உன் வேலையைப் பார். கல்யாணத்துக்குப் பிறகு பேரை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது கல்யாணச் சான்றிதழ் கேட்பதையே விட்டுவிட்டார்கள். படித்ததும் வேலை பார்ப்பதும் ஒரு பேரில் இருக்கும்போது பாஸ்போர்ட் மட்டும் எதற்காக வேறு பேருக்குப் போக வேண்டும்?

பிறந்த இடம் என்ற கட்டத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி தவறு செய்வார்கள். கை தானாக ஒரத்தநாடு என்று அடிக்கும். நீ பிறந்தது அம்மாச்சி ஊரில். தலைப்பிரசவத்துக்கு அண்ணி மன்னார்குடி போயிருந்தது, உன் பிறப்புச் சான்றிதழ் மன்னார்குடி நகராட்சி கொடுத்தது. ஆகவே ஊர் மன்னார்குடி, மாவட்டம் திருவாரூர். அந்தச் சான்றிதழைத் திறந்து உன் பேர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. குழந்தைக்குப் பேர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிட்டு, அப்புறம் பேர் சேர்க்க மறந்த குடும்பங்கள் ஏராளம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்பார்கள். உன் வயசுக்காரர்களுக்கு மார்க் ஷீட், பான் என்று வேறு வழிகளும் உண்டு. இருந்தாலும் நகராட்சித் தேதியும் பள்ளிக்கூடத் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் காலத்தில் ஹெட்மாஸ்டர்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளை ஜூன் மாதத்தில் பிறக்க வைத்துவிடுவார்கள். அந்தத் தலைமுறைக்கு இன்னும் அதனால் தலைவலி.

நோட்டரி முத்திரை, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதும் அந்த 2016 விதிகளில் வந்ததுதான். அப்பா அம்மா இருவர் பேரையும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அப்போதே போய்விட்டது. ஒற்றைத் தாயாக வளர்த்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

தட்கல் பற்றிக் கேட்பாய். மேற்கொண்டு 2,000 ரூபாய், ஆக 3,500. வழக்கமாக அதில் போலீஸ் விசாரணைக்குக் காத்திராமல் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டு, விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்வார்கள். பட்டியலில் இருக்கும் அடையாளக் காகிதங்களில் மூன்றைக் காட்ட வேண்டும். மூன்றிலும் பேர் ஒத்துப்போக வேண்டும் என்று நான் சொல்லாமலே உனக்குப் புரியும். ஒத்துப்போகாதவர்களுக்குத் தட்கலிலும் ஃபைல் நிற்கும், பணம் மட்டும் வேகமாகப் போகும். உனக்கு இன்னும் வேலையே முடிவாகவில்லை. சாதாரண விண்ணப்பமே போதும். அந்த 2,000 ரூபாய்க்கு நல்ல செருப்பு வாங்கு, நாளெல்லாம் வார்டில் நிற்கிற கால்.

சேவா மையத்துக்குப் போகிற அன்று ஒரிஜினல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொள், ஜெராக்ஸ் ஒரு செட் தனியாக. போட்டோ கொண்டுபோக வேண்டாம், அங்கேயே எடுப்பார்கள். பின்னால் வெள்ளைத் திரை இருக்கும், அதனால் வெளிர் நிறச் சுடிதார் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். நெற்றியில் எண்ணெய் வழியாமல் முகம் கழுவிக்கொள்; அந்த விளக்கில் வழியும் எண்ணெய் பத்து வருஷத்துக்கு அச்சாகிவிடும்.

உள்ளே போனதும் டோக்கன் தருவார்கள். மேலே டிவியில் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ‘ஏ’ கவுண்டர். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கும் டிசிஎஸ் கம்பெனி ஊழியர்கள். காகிதங்களை ஸ்கேன் செய்து, விரல் ரேகையும் போட்டோவும் எடுப்பார்கள். உன் பக்கம் திரும்பியிருக்கும் இன்னொரு திரையில் உன் விவரங்கள் வரும். “சரியா பாத்துக்கோங்க மேடம்” என்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டு ‘சரி, சரி’ என்று சொல்லிவிடாதே. ழகரத்தைப் பார், அப்பா பேரைப் பார், தேதியைப் பார், மன்னார்குடியைப் பார். அங்கே ஒரு எழுத்தை மாற்றுவது அவர்களுக்கு ஒரு நொடி. புத்தகம் அச்சாகி வந்தபிறகு அதே எழுத்துக்காக மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

‘பி’ கவுண்டரில் பாஸ்போர்ட் அலுவலக அரசு ஊழியர் ஒரிஜினலைச் சரிபார்ப்பார். ‘சி’ கவுண்டரில் இருப்பவர்தான் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர். ஓரிரண்டு கேள்வி கேட்பார். எங்கே படித்தாய், எதற்கு வேண்டும் என்று. உள்ளதைச் சொல். வேலைக்குப் போகப் போகிறேன் என்று சொல்வதில் தப்பே இல்லை. கை கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். 1967-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவது குடிமக்களின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது, அதிகாரிகள் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்ததால்தான் அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டமே எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் பறிமுதல் செய்தபோது, 1978-ல் வந்த தீர்ப்பு இன்னும் ஆழமாகப் போனது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் அந்த வழக்கில்லாமல் அரசியல் சட்டப் பாடம் நடக்காது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது நீ வாங்கப் போகும் இந்தச் சின்ன நீலப் புத்தகம்தான்.

உரிமை என்பதற்காக எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்றில்லை. விண்ணப்பத்தில் உன்மேல் கோர்ட்டில் ஏதாவது கிரிமினல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். உனக்கு இல்லை. ஆனால் உன் கூடப் படித்த யாருக்காவது மறியல் வழக்கு என்று ஏதாவது இருந்தால், ‘இல்லை’ என்று அடிக்கச் சொல்லாதே. தெரிந்தே பொய் எழுதினாலும் மறைத்தாலும் அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை ஜெயிலோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ உண்டு. வழக்கு இருந்தாலும் அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்க 1993-லிருந்தே வழி இருக்கிறது. ஒரு நல்ல வக்கீலைப் பார்க்கச் சொல்.

போலீஸ் விசாரணைக்கு நீ தயங்குகிறாய் என்று அண்ணி சொன்னது. ஒன்றும் பயமில்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வரும். தெரியாத நம்பர் என்று கட் பண்ணாதே. ஊரில் முக்கால்வாசி ஃபைல் கிடப்பில் போவது அப்படித்தான். வீட்டுக்கு வந்து காகிதங்களைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அண்ணி காபி கொடுக்கும், அதைத் தடுக்க முடியாது. கவரில் எதுவும் வைத்துக் கொடுக்க வேண்டாம். விசாரணைக்கான செலவை வெளியுறவு அமைச்சகம் மாநிலப் போலீசுக்குத் தருகிறது. நீ கட்டிய 1,500-க்கு மேல் உனக்கு எந்தச் செலவும் கிடையாது. ‘எல்லாரும் குடுக்கிறதுதானே’ என்று உங்கப்பா பையில் கை விட்டால், நான் சொன்னேன் என்று சொல். நடுவில் ஃபைல் நகரவில்லை என்றால் 1800-258-1800 என்ற இலவச நம்பரில் உன் ஃபைல் நம்பரைச் சொல்லிக் கேட்கலாம். தளத்திலும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்.

இனி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சமாச்சாரம். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ‘இசிஆர்’ வகைப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கு இசிஆர் தேவையில்லை. அதனால் விண்ணப்பத்தில் ‘நான்-இசிஆர்’ என்று தேர்ந்தெடுத்து, பத்தாவது மார்க் ஷீட்டை மறக்காமல் கொண்டுபோ. படித்திருந்தும் மார்க் ஷீட் எடுத்துப் போகாததால் இசிஆர் முத்திரை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் நர்ஸுகளுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதை உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் சொல். 2015-லிருந்து அந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், நான்-இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் ‘இ-மைக்ரேட்’ தளத்தின் வழியாக அந்த அனுமதி வாங்கியே ஆக வேண்டும். ஏஜெண்டுகள் நர்ஸுகளிடம் லட்சக்கணக்கில் பிடுங்கிய கொடுமையைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. கேரளத்துக்கு நோர்கா என்ற அரசு அமைப்பு இருப்பதைப் போல நமக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, சென்னையில். 1978-லிருந்து இருக்கிறது, நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒருநாள் நேரில் போய்ப் பதிந்துவிட்டு வா. ‘விசிட் விசாவில் போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்’ என்று எவனாவது சொன்னால் அவன் நம்பரை அழித்துவிடு.

புத்தகம் கைக்கு வந்ததும் முதல் வேலை, பேர், தேதி, ஊர் எல்லாவற்றையும் மறுபடி படிப்பது. 2025-லிருந்து இங்கேயும் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தர ஆரம்பித்துவிட்டார்கள், அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். உனக்கும் அதுதான் வரும் என்று நினைக்கிறேன். மடக்காதே, ஈரத்தில் வைக்காதே. ஜெராக்ஸ் இரண்டு எடுத்து ஒன்றை அண்ணியிடம் கொடு. ஏஜெண்ட் ‘இங்கேயே இருக்கட்டும்மா, பத்திரமா வச்சுக்கிறோம்’ என்பான். நாளை வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலும் எவராவது அதையே சொல்லலாம். கொடுக்காதே. சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து, உன் பேரில் உன்னிடம் இருக்கிறது. அடமானம் போல வாங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. விசா முத்திரைக்குக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்.

ஊருக்கு வந்ததும் காகிதங்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வா. போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, எழுத்து மங்கிவிடுகிறது. நீயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அடி. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை பென்ஷன்காரர்கள் கூட்டம் இருக்கும், அன்றைக்கு மட்டும் வேண்டாம். ஆதார் திருத்தத்தை மட்டும் இப்போதே சென்னையிலேயே போட்டுவிடு, அது ஏற நாளாகும்.

அன்புடன்,
சித்தப்பா